குண்டின் விட்டமும் காட்டின் தொலைவும்: ஓசூர் எல்லை நிலத்தை முன்வைத்து

கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகைப் பகுதி, பாறைக் குன்றுகளும் மானாவாரி நிலமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. இதே ஓசூர் வட்டாரத்தின் தென்மேற்கில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளுக்குள் நுழைந்தால், மூங்கிலும் உண்ணிச்செடியும் முள்ளும் மண்டி, இருபது முப்பது கெஜத்துக்கு அப்பால் நிற்கும் யானைகூடக் கண்ணில் படாது. தொலைவேட்டைக்கு எந்த விட்டமுள்ள ரைபிள் ஏற்றது என்னும் கேள்வி இந்த இரண்டு நிலங்களுக்கும் இடையில்தான் சிக்கிக்கொள்கிறது. இங்கே ரைபிளின் விட்டத்தை முடிவுசெய்தவை பார்வை எட்டிய தூரமும் சட்டம் விட்டுவைத்த இடமும்தான். தொலைவுக்கென்றே பிறந்த தோட்டாக்கள் வேறு நிலங்களில், வேறு தேவைக்காக உருவாகி இங்கே வந்தவை. அவற்றின் எட்டும் தூரத்தையே கொல்லும் தூரமாக எண்ணிக்கொண்ட இடத்திலெல்லாம் மிஞ்சியது காயம்பட்ட விலங்குதான்.

கருமருந்துக் காலத்தில் வேகத்தைக் கூட்ட வழியில்லை. அதனால் வலிமை வேண்டியவர் எடையைக் கூட்டினார். அன்றைய அளவுமுறையே இதற்குச் சான்று: ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாமோ, அந்த எண்ணே துப்பாக்கியின் ‘போர்’. ஆகவே 12 போர் குண்டு சுமார் 38 கிராம், 8 போர் 57 கிராம், 4 போர் 113 கிராம். எண் சிறுக்கச் சிறுக்கக் குண்டு பெருக்கும். இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1840இல் செய்வித்த ரைபிள் 21 பவுண்டு எடை. அது நாலு அவுன்ஸ் குண்டைச் சுட்டது. மைசூர்ப் பகுதியில் யானை பிடிப்பதை நடத்திய சாண்டர்சனும் 4 போர், 8 போர் துப்பாக்கிகளையே நம்பினார். கனத்த அந்தக் குண்டு மெதுவாகச் சென்று சீக்கிரமே தரையை நோக்கித் தாழும். நூறு கெஜத்துக்கு அப்பால் தூரத்தைச் சற்றுத் தப்பாகக் கணித்தாலும் குறி தவறும்.

குண்டின் பாதை தட்டையாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை இந்தியக் காடுகளின் அனுபவத்திலிருந்து எழுதியவர் ஜேம்ஸ் ஃபோர்சித். 1863இல் வெளிவந்த அவருடைய நூல், உருண்டைக் குண்டு, மிகுந்த மருந்து, குழலுக்குள் மெதுவாகத் திரும்பும் புரி ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. காட்டில் தூரத்தை அளந்து பார்க்க நேரமில்லை. எனவே அளக்கத் தேவைப்படாத பாதையே வேண்டும் என்பது அவர் நியாயம். அவர் வேண்டியது வேட்டை நடக்கும் தூரத்துக்குள் பிழை குறைவது. அவரைத் தொலைவேட்டையின் முன்னோடியாக மட்டும் படிப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். புகையற்ற மருந்து வந்ததும் கணக்கே மாறியது. 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவை ரிக்பி நிறுவனம் .275 என்ற பெயரில் விற்றது. அதன் 140 கிரெயின் குண்டு ஒன்பது கிராம்தான். 4 போர் குண்டில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் வேகத்தாலும் நீண்ட வடிவத்தாலும் அது காற்றை எளிதாகக் கிழித்துச் சென்றது. பள்ளத்தாக்கின் மறுகரையில் நிற்கும் மலையாட்டைச் சுட வேண்டிய இமயத்துக்கு இப்படிப்பட்ட தோட்டா பொருந்தியது.

இனிச் சட்டம். .303 படைத் தோட்டாவைத் தனியார் கையில் விட ஆங்கில அரசு விரும்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 விட்டத்துக்கும் இந்தியாவில் தடை வந்தது; பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிள்களுக்குப் பொருந்தும் அந்த விட்டத்துக் குண்டு கலகக்காரரிடம் போய்ச் சேரும் என்ற அச்சமே காரணம். உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புது விட்டங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இவற்றைப் பிறப்பித்தது விலங்கின் தோல் தடிமன் அல்ல, அரசாணை. சுதந்திரத்துக்குப் பிறகும் இதே கதைதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் பெற்றவருக்குக் கிடைத்த .315 ரைபிள் இச்சாப்பூர் தொழிற்சாலையில் உருவானது. அதன் தோட்டாவோ பழைய ஆஸ்திரியப் படையின் 8 மில்லிமீட்டர் தோட்டாவின் வழிவந்தது. மழுங்கிய மூக்குள்ள கனத்த குண்டு அது. தொலைவுக்கு அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நம் படைத் தோட்டாவாக இல்லாததே அதன் தகுதி.

இந்த வட்டாரத்தின் சிறந்த சான்று கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரான அவர் 1954இல் வெளியிட்ட முதல் நூலில் ஜவளகிரியும் கும்மளாபுரமும் இடம்பெற்றன. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1904இல் வந்த அமெரிக்கத் தோட்டா. 300 கிரெயின் குண்டு, அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். நொடிக்கு 670 மீட்டர் வேகம். குட்டையான மழுங்கல் குண்டாதலால் காற்று அதைச் சீக்கிரம் தளர்த்திவிடும். நூறு கெஜத்துக்குக் குறி அமைத்தால், இருநூறு கெஜத்தில் முக்கால் அடி அளவுக்குத் தாழும்; .275 ஏறத்தாழ அதில் பாதிதான் தாழும். தொலைவுதான் அளவுகோல் என்றால் ஆண்டர்சன் தவறான ரைபிளை வைத்திருந்தார் என்று சொல்ல வேண்டிவரும். ஆனால் அவர் சுட்ட சூழலைப் பாருங்கள்: பரண்மேல் இரவுக் காவல், குழலோடு பொருத்திய டார்ச் வெளிச்சம், சில கெஜத்தில் விலங்கு. அந்தத் தூரத்தில் குண்டின் தாழ்வு ஒரு பொருட்டே இல்லை. முதல் குண்டு வீழ்த்தாவிட்டால் அடுத்ததை விரைந்து ஏற்ற உதவிய நெம்புகோலும், எலும்பை உடைக்கும் கனமும்தான் பொருட்டு.

சிறு விட்டமே போதும் என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய பெல் தாம் கொன்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளில் பெரும்பகுதியை 7 மில்லிமீட்டராலேயே வீழ்த்தினார், ஜிம் கார்பெட்டிடமும் .275 இருந்தது. இரண்டும் உண்மை. ஆனால் பெல் யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றவர். நெருங்கிச் சென்று, உடைந்து விரியாத குண்டால் சுட்டவர். ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை 1926இல் கார்பெட் வீழ்த்தியதும் மாமரப் பரணிலிருந்து, கிட்டத்தில்தான். மெல்லிய தோட்டாவின் பெரும் வெற்றிகளுக்குப் பின்னால் இருந்தது நெருங்கும் துணிவு.

இன்னொரு மறுப்பு கனமானது: தொலைநோக்கியும் தூரம் காட்டும் லேசர் கருவியும் வந்த பிறகு பழைய வரம்பு எதற்கு? கருவி தூரத்தைச் சொல்லும். குண்டு போய்ச் சேரும் நேரத்தை அது இல்லாமல் ஆக்காது. நானூறு மீட்டரைக் கடக்க நல்ல ரைபிள் குண்டுக்கும் அரை நொடி ஆகும். அதற்குள் சும்மா நடந்துபோகும் பன்றி ஓரடிக்கு மேல் நகர்ந்திருக்கும்; நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் விழும். வயிற்றில் பட்ட விலங்கு உடனே சாவதில்லை. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் சம்பாவத் புலியின் கோரைப் பற்கள் பழைய துப்பாக்கிக் குண்டால் உடைந்திருந்ததைக் கார்பெட் 1907இல் கண்டார். புலி ஆட்கொல்லியாவதற்கு மனிதர் ஏற்படுத்திய காயத்தையே ஆண்டர்சனும் பெருங்காரணமாகக் கருதினார்.

வேட்டை லைசென்ஸ் முறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு முடிந்தது. ஆனாலும் கேள்வி ஓயவில்லை. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேரிகை போன்ற திறந்த நிலத்தில் தூரத்திலிருந்து சுடும் ஆசை எளிதில் எழும். ஆனால் தவறிய ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயும். இங்கே அத்தனை தூரத்துக்குள் ஊரோ, பசுமைக்குடிலோ, ஆலை ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளியோ இல்லாத திசை கிடையாது. எனவே வனத்துறை விதி எழுதும்போது விட்டத்தை இரண்டாவதாக எழுதட்டும். முதலில் எழுத வேண்டியது தூரம்: ஐம்பது மீட்டருக்குள், பரண் மேலிருந்து, மண்ணை நோக்கி மட்டும்.