கிழிக்கும் உறையும் மூடும் உறையும்
உறையை எளிதில் திறப்பதும், திறந்ததை மீண்டும் மூடுவதும் வெவ்வேறு தேவைகள். திருத்தணி மலையின் 365 படிகளை ஏறித் தரிசித்தவர்கள் திருநீற்றை மடித்துக் கொண்டுசெல்லும் தாள் பொட்டலத்தில் இரண்டும் உண்டு. பிரித்தால் திறக்கும், மடித்தால் மூடும். ஆனால் அது ஈரம் தாங்காது.

திரவப் பொருள்களையும் சிறு உறையில் அடைத்தால் ஏழைகளும் வாங்குவர் என்று கருதியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் குடும்பத்தார் வெல்வெட் ஷாம்புவைச் சாஷேயில் விற்றனர். மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவை விற்றார்.

சாஷேயின் ஓரங்கள் வெப்பத்தால் ஒட்டப்படுகின்றன. விளிம்பிலுள்ள சிறு வெட்டில் இழுவிசை குவிவதால் உறை எளிதில் கிழிகிறது. ஈரக்கை வழுக்கினால் பல்லால் கடிப்போரும் உண்டு. கிழித்தபின் மூட வழியில்லை.

மீண்டும் மூடும் முறை வேறிடத்தில் வளர்ந்தது. டென்மார்க்கின் போர்க் மேட்சன் உருவாக்கிய நெகிழி ஜிப்பின் உரிமையை 1951இல் ஆஸ்னிட் குடும்பத்தார் வாங்கினர். 1968இல் டவ் நிறுவனம் சிப்லாக் பைகளை அறிமுகப்படுத்தியது. இவற்றில் ஒருபக்க வரம்பு மறுபக்கப் பள்ளத்தில் அழுந்திப் பொருந்துகிறது.

ஜிப்புக்குக் கூடுதல் நெகிழியும் செலவும் தேவை. சில்லறைக் காசுக்கு விற்ற சாஷேக்கு அது கட்டுப்படியாகாது. ஷாம்புவை ஏழை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த அந்த மலிவான உறையே, பல அடுக்குப் படலம் என்பதால் மறுசுழற்சிக்கு எளிதில் உட்படாமல் குப்பையாகத் தேங்குகிறது.