ஒரு பென்னித் தபால்தலை

சென்ற பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்ததெல்லாம் சேர்ந்து என் பேத்தியிடம் ஆயிரத்து எழுநூறு ரூபாய் இருந்தது. பத்து வயது முடிந்த பெண். அந்தக் காலமாக இருந்தால் மண் உண்டியலில் போட்டுவிட்டு, நாளைக்கு நாலு தடவை குலுக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள். இப்போது அப்படியா? என் மகன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கைபேசியில் மேல்நோக்கி ஏறும் ஒரு கோட்டைக் காட்டி, கூட்டுவட்டியின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தான்.

பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்பா, நாம குடுத்த காசை அவங்க எடுத்துச் செலவழிச்சுட்டா?" என்றாள்.

மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைகளுக்குச் சேமிப்பைக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்ட பெரியவர்களின் கதைகளில் இரண்டு எனக்கு உடனே நினைவு வந்தன. இரண்டும் இந்தக் கேள்வியில் போய்த்தான் முட்டுகின்றன.

முதல் கதை இங்கிலாந்தில் நடந்தது. ஹென்றி பாசெட் என்ற பெயர் நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த பெயர். 1858-ல், இருபத்தைந்தாவது வயதில், தகப்பனாருடன் வேட்டைக்குப் போனார். தகப்பனாரின் துப்பாக்கியிலிருந்து சிதறிய ரவைகள் அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டன. மனிதர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியரானார். 1865-ல் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். 1867-ல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் நடந்த நடன விருந்தின் செலவை இந்தியாவின் தலையில் கட்டியபோது, அது அநியாயம் என்று ஆட்சேபித்தவர் அவர்தான். 'இந்தியாவின் அங்கத்தினர்' என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது.

1880-ல் அவர் தபால் இலாகாவின் தலைவரானார். தபாலாபீஸ் சேமிப்பு பாங்கு 1861 முதலே நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு ஷில்லிங்குக்குக் குறைந்து அங்கே வாங்கமாட்டார்கள். ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்னி. ஏழைப் பையன் கையில் கிடைப்பதோ ஒரு பென்னி. அது பன்னிரண்டு ஆகும்வரை மிட்டாய்க்கடை சும்மா இருக்குமா? பென்னி பென்னியாக வாங்கிக் கணக்கு எழுதுவதென்றால் சர்க்காருக்குக் கட்டுப்படியாகாது.

இதற்குப் பாசெட் காலத்தில் வந்த வழி மிகவும் எளியது. தபாலாபீஸில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் பன்னிரண்டு கட்டங்கள். பையன் ஒரு பென்னித் தபால்தலை வாங்கி ஒரு கட்டத்தில் ஒட்டவேண்டியது. பன்னிரண்டும் நிறைந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு ஷில்லிங் என்று பாஸ் புத்தகத்தில் வரவு வைத்துவிடுவார்கள். தபால்தலையை மிட்டாய்க்கடையில் நீட்டுவது அவ்வளவு எளிதல்ல, பாருங்கள்! பணத்தையே பார்க்கமுடியாத ஒரு மனிதரின் நிர்வாகத்தில், குழந்தைகள் தங்கள் சேமிப்பைக் கட்டம் கட்டமாகக் கண்ணால் பார்க்க வழி பிறந்தது.

லாபம் எவ்வளவு என்று கேட்டால் வாசகர்கள் நகைப்பீர்கள். முழுப் பவுனுக்கு மாதம் அரைப் பென்னி வட்டி. பவுனுக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. அதாவது, இருநூற்று நாற்பது தபால்தலைகளை ஒட்டி முடித்த பிறகுதான் பையனுக்கு முதல் அரைப் பென்னி கண்ணில் படும். ஏறும் கோட்டைக் காட்டி அங்கே யாரையும் மயக்கியிருக்க முடியாது. ஆனால் ஒன்று உண்டு: கொடுத்த பணத்துக்குச் சர்க்காரே பொறுப்பு என்று சட்டத்தில் எழுதியிருந்தது.

இரண்டாவது கதைக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டவேண்டும். காலத்தில் கொஞ்சம் பின்னே போகவும் வேண்டும். 1865 மார்ச் 3-ஆம் தேதி, தாம் கொலையுண்பதற்கு ஆறு வாரம் முன்பு, லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கென்று ஒரு சேமிப்பு பாங்கு அதனால் ஏற்பட்டது. ஐந்து சென்ட் இருந்தாலும் போதும், வாங்கிக்கொள்வார்கள். நேற்றுவரை தாங்களே விலைப்பொருளாக இருந்தவர்கள், இன்று தங்கள் பெயரில் கணக்கு வைத்தார்கள். குழந்தைகள் பெயரிலும் வைத்தார்கள். பாஸ் புத்தகத்தின் மேல் லிங்கனின் படம், அமெரிக்கக் கொடி. இதைப் பார்த்தவர்கள், பணம் சர்க்காரிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியதில் என்ன ஆச்சரியம்?

படம் இருந்தது, பொறுப்பு இல்லை. முதலில் பெரும்பகுதிப் பணத்தைச் சர்க்கார் கடன் பத்திரங்களில் போடவேண்டும் என்று விதி இருந்தது. 1870-ல் அதைத் தளர்த்தி, நிலம் வீடுகளின் பேரில் கடன் கொடுக்கலாம் என்றார்கள். கடன்கள் வேண்டியவர்களுக்கெல்லாம் போயின. 1873-ல் அமெரிக்காவையே உலுக்கிய பணமுடை வந்தது. 1874-ன் தொடக்கத்தில், கறுப்பின மக்களின் பெருந்தலைவரும் முன்னாள் அடிமையுமான பிரெடரிக் டக்ளஸைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் நாற்காலிக்குக் கால் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தம் சொந்தப் பணம் பதினாயிரம் டாலரைக் கடனாகக் கொடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. அந்த வருஷத்தின் நடுவிலேயே கதவு சாத்தப்பட்டது. 61,144 பேருக்குச் சேரவேண்டிய பணம் ஏறக்குறைய முப்பது லட்சம் டாலர். பல வருஷங்கள் காத்திருந்து, சுமார் ஐந்தில் மூன்று பங்கைப் பெற்றவர்கள் சிலர். ஒன்றுமே பெறாதவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அந்த பாங்கின் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. கணக்கு ஆரம்பித்தவரின் தாய் தகப்பன், உடன்பிறந்தார், சில இடங்களில் பழைய எஜமானன் பெயர்வரை அவற்றில் எழுதியிருக்கிறது. தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் இன்று அந்தப் பெயர்களைப் படிக்கின்றன. பணம் போயிற்று, பெயர்கள் மிஞ்சின.

நம் நாட்டில் தபாலாபீஸ் சேமிப்பு பாங்கு 1882 ஏப்ரல் முதல் தேதி வந்தது. ஆனால் எனக்குப் பணப் பாடம் சொல்லிக்கொடுத்தது தபாலாபீஸ் அல்ல, என் தாயார்.

அது 1956. நயா பைசா வருவதற்கு முந்திய வருஷம். என் மண் உண்டியலில் மூன்று ரூபாய் ஐந்தணா இருந்தது. மாதக் கடைசியில் பாட்டிக்குக் காய்ச்சல், மருந்துக்குக் காசில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே உண்டியலை உடைத்தாள். நான் 'ஓ'வென்று அழுதேன். அவள் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. பால் கணக்குக்குக் கோடு போடும் சுவரில், கரித்துண்டால் என் பெயரை எழுதி, பக்கத்தில் தொகையையும் எழுதினாள். மறுமாதம் ஏழாம் தேதி மூன்று ரூபாய் ஆறணாவை என் கையில் வைத்துவிட்டு, என்னையே அந்த எழுத்தை அழிக்கச் சொன்னாள். அந்த ஓரணா என்ன என்று கேட்டேன். "உன் காசு எங்கிட்ட இருந்துதே, அதுக்குக் கூலி" என்றாள்.

வட்டி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் பிறகு படித்தேன். ஆனால் அந்த ஓரணாவைவிட, ஒரு மாதம் அழியாமல் சுவரில் இருந்த கரி எழுத்துத்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பாசெட்டின் பையனிடம் அந்த எழுத்துக்கு ஈடாக ஒரு சட்டம் இருந்தது. லிங்கன் படம் போட்ட புத்தகத்தை வைத்திருந்த குழந்தையிடம் அது இல்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். மறுநாள் மகன் அவளைத் தபாலாபீஸுக்கு அழைத்துப் போனான். பத்து வயது நிறைந்தவர்கள் தாங்களே கணக்கு வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஆயிரத்து ஐந்நூறைப் போட்டுவிட்டுத் தன் கையாலேயே கையெழுத்திட்டு வந்தாள். ஏறும் கோடு இருக்கவே இருக்கிறது. விதிகளைப் படித்துப் பார்த்த பிறகு அதற்கும் போகலாம்.

மீதி இருநூறு என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? திரும்பி வரும்போது ஆட்டோக்காரருக்குக் கொடுக்கச் சில்லறை இல்லையென்று மகன் அவளிடம் வாங்கிக்கொண்டானாம். சமையலறை நாள்காட்டியில் பென்சிலால், 'அப்பா - 200' என்று எழுதி வைத்திருக்கிறாள். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. எழுத்து இன்னும் அழியவில்லை. தினம் காலையில் காபி குடிக்கும்போது நான் அதைப் பார்க்கிறேன். நான் பார்ப்பதை மகனும் பார்க்கிறான்.