மெமெண்டோ மோரி (திரைப்படம்)

மெமெண்டோ மோரி என்பது 1999 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்த தென்கொரியத் திகில் திரைப்படமாகும். கிம் தே-யோங், மின் கியூ-தோங் ஆகிய இருவரும் இணைந்து இதனை இயக்கினர். பெண்கள் பள்ளி ஒன்றில் நிகழும் பேய்க்கதைகளைக் கொண்ட வரிசையில் இது இரண்டாவது படமாகும். வரிசையின் முதற்படம் 1998 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலத்தீன் மொழியில் "இறப்பை நினைவிற்கொள்" என்பது தலைப்பின் பொருளாகும். இரு மாணவியரிடையேயான காதலை மையக்கதையாகக் கொண்டமையால் கொரியத் திரைப்பட வரலாற்றில் இப்படம் குறிப்பிடத்தக்க இடத்தைப் பெறுகின்றது.

கதைச் சுருக்கம்

(கதையின் முக்கிய திருப்பங்கள் கீழே தரப்பட்டுள்ளன.)

மின்-ஆ என்ற மாணவி, ஹியோ-ஷின், ஷி-உன் என்ற இருவரும் சேர்ந்து எழுதிவந்த நாட்குறிப்பு ஒன்றைக் கண்டெடுக்கிறாள். அதனைப் படிக்கப் படிக்க அவ்விருவரின் காதல் அவளுக்குத் தெரியவருகின்றது. ஹியோ-ஷின் இசைத்திறன் மிக்கவள். வகுப்பில் எவருடனும் ஒட்டாதவள். ஷி-உன் ஓட்டப் பந்தய வீராங்கனை. செவித்திறன் குறைபாடு உடையவள். வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் ஹியோ-ஷின் தன் தோழியை முத்தமிடுகிறாள். சக மாணவியரின் ஏளனத்திற்கு அஞ்சி ஷி-உன் விலகிச் செல்கிறாள். மாணவியருக்கு உடற்பரிசோதனை நடைபெறும் நாளில் ஹியோ-ஷின் இறக்கிறாள். அதன்பின் பள்ளியில் அமானுட நிகழ்வுகள் தொடங்குகின்றன. நிகழ்காலமும் கடந்தகாலமும் மாறி மாறி வருமாறு கதை அமைக்கப்பட்டுள்ளது.

நடிகர்கள்

* கிம் மின்-சன் - மின்-ஆ
* பார்க் யே-ஜின் - ஹியோ-ஷின்
* லீ யோங்-ஜின் - ஷி-உன்
* கோங் ஹியோ-ஜின் - ஜி-வோன் (இவரது முதற்படம்)

சமூகப் பின்னணி

தென்கொரியாவில் திரைப்படங்களுக்கான முன்தணிக்கை அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒருபால் ஈர்ப்பைச் சித்தரிக்கும் படைப்புகளுக்கு இருந்த தடைகள் உடனே நீங்கவில்லை. வொங் கார்-வாய் இயக்கிய ஹாப்பி டுகெதர் என்ற ஹொங்கொங் படத்திற்கு 1997 ஆம் ஆண்டில் அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் சியோலில் நடைபெறவிருந்த பால்புதுமையினர் திரைப்பட விழாவும் தடுக்கப்பட்டது. இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், இளையோருக்குத் தீங்கு பயப்பனவற்றின் பட்டியலில் ஒருபால் ஈர்ப்பையும் சேர்த்திருந்தன. 2003 ஆம் ஆண்டில் தேசிய மனித உரிமை ஆணைக்குழு பரிந்துரைத்ததை அடுத்து, 2004 ஆம் ஆண்டில் இது நீக்கப்பட்டது. ஆகவே இப்படம் வெளியான காலத்தில், அதன் கதைமாந்தரின் வயதையொத்தோர் அறியக்கூடாதது எனச் சட்டமே கருதிய ஒன்றை அது பேசியது.

சித்தரிப்பு

கொரிய நாட்டார் கதைகளில், மணமாகாது இறந்த பெண்ணின் ஆவி வெண்ணிற ஆடையும் விரித்த கூந்தலுமாகத் தோன்றித் தனக்கு நேர்ந்த அநீதிக்கு நியாயம் கேட்கும். இப்படத்திலும் அம்மரபின் சாயல் உண்டு. ஆனால் இங்கே ஆவிக்கு அநீதி இழைத்தவர் ஒரு தனிமனிதர் அல்லர். வம்பு பேசும் மாணவியர், ஒழுங்கை மட்டுமே நோக்கும் ஆசிரியர்கள், அச்சத்தால் கைவிட்ட காதலி என அனைவருக்கும் அதிற் பங்குண்டு. பள்ளியின் கண்ணாடிக் கூரைக்கு மேலிருந்து ஹியோ-ஷினின் மாபெரும் முகம் கீழே நோக்கும் காட்சி பெரிதும் பேசப்படுவதாகும். உயிருடன் இருந்தபோது எல்லோராலும் உற்றுநோக்கப்பட்டவள், இறந்தபின் எல்லோரையும் உற்றுநோக்குகிறாள்.

காதலை நோயாகவோ கேலிப்பொருளாகவோ காட்டாமை இப்படத்தின் சிறப்பாகும். நாட்குறிப்பின் பக்கங்கள் வழியாக அக்காதல் அவ்விருவரின் சொற்களிலேயே கூறப்படுகின்றது. மறுபுறம், ஒருபால் காதல் கொண்ட பெண் இறந்தாக வேண்டும் என்ற பழைய கதைமரபை இப்படமும் மீறவில்லை என்ற விமர்சனத்திற்கும் இடமுண்டு. தன் காதலை மறைக்காதவள் ஆவியாகவும், மறைத்தவள் உயிருடனும் எஞ்சுவது கவனிக்கத்தக்கது.

பின்தாக்கம்

முதற்படம் அளவுக்கு இப்படம் வசூல் ஈட்டவில்லை. எனினும் பின்னாளில் திறனாய்வாளரின் மதிப்பைப் பெற்றது. 2000 ஆம் ஆண்டில் நடிகர் ஹோங் சோக்-சொன் தாம் ஒருபால் ஈர்ப்பினர் என வெளிப்படையாக அறிவித்து, தொலைக்காட்சி வாய்ப்புகளை இழந்தார். திரைக்கு வெளியேயும் நிலைமை அவ்வாறே இருந்தது என்பதற்கு இது சான்றாகும். மின் கியூ-தோங் 2008 ஆம் ஆண்டில் இயக்கிய அன்டீக் என்ற படத்திலும் ஒருபால் ஈர்ப்புடைய கதைமாந்தர் இடம்பெற்றார். கிம் தே-யோங் 2006 ஆம் ஆண்டில், இரத்த உறவைக் கடந்த குடும்பத்தைச் சித்தரிக்கும் படம் ஒன்றை இயக்கினார். பள்ளிப் பேய்க்கதை வரிசையின் ஆறாவது படம் 2021 ஆம் ஆண்டில் வெளிவந்தது.