கைநாட்டும் கையெழுத்தும்

எழுதுவது என்றால் என்ன? கரும்பலகையில் கண்டதை ஏட்டில் இறக்குவதா? அது கைக்கு வேலை, கருத்துக்கு உறக்கம்!

பிரேசில் நாட்டு அங்கிகோசில், 1963-இல், பாவ்லோ பிரையிரே என்ற கல்வியாளர் ஏறத்தாழ 300 உழைப்பாளருக்கு எழுத்தறிவித்தார். முதலில் காட்டியது எழுத்தையன்று, படத்தை! தம் வாழ்வையே படத்தில் கண்டவர்கள் குழுவாக அமர்ந்து பேசினர், வாதிட்டனர். பேச்சில் பிறந்த சொல்லைப் பிரித்து எழுத்தாக்கினர். 40 மணி நேரப் பாடம்! எழுத்தறியாதாருக்கு அன்று அங்கே வாக்குரிமை இல்லை. எனவே அது வெறும் பாடமன்று, உரிமைப் போர். 1964-இல் படையினர் ஆட்சியைப் பறித்தனர். ஆசிரியருக்குக் கிடைத்தது சிறை! ஆதிக்கம் எதைக் கண்டு அஞ்சுகிறது, பார்த்தீரா தோழரே?

அந்த முறையின் சாயல் நம் அண்டைக்கும் வந்தது. பேராவூரணியை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் எழுந்தது. கல் உடைத்த பெண்களும் களை பறித்த பெண்களும் மாலையில் வட்டமாக அமர்ந்தனர். ஊதியம் பெறாத தொண்டர்கள் கற்பித்தனர். கைநாட்டு வைத்த விரல் கையெழுத்திட்டது. மனு எழுதவும் துணிந்தது!

பள்ளியில் நாம் செய்யவேண்டுவதும் அதுவே. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு படம் கொடுப்போம்: கடைமடையில் வறண்ட வாய்க்கால். ஏன் வறண்டது? பேசட்டும், மறுக்கட்டும், பிறகு எழுதட்டும். ஏன் என்று கேட்டவன் எழுதும் ஒரு வரி, பார்த்தெழுதிய நூறு பக்கத்தினும் பெரிது!