மினுங்காத பானை: கண்ணாடிப் பூச்சும் தோற்கும் உரிமையும்

1

பெரும்பாறையில் ஒரு நண்பர் சிறு சூளை கட்டி மண்பாண்டம் செய்து பார்க்கிறார். காப்பிச் செடியைக் கவாத்து செய்த கட்டைகளை எரித்து, அந்தச் சாம்பலைச் சலித்து, கற்பொடியோடும் களிமண்ணோடும் கலந்து பானைமேல் பூசிச் சுடுகிறார். சாம்பல் உருகிக் கண்ணாடியாக வேண்டும் என்பது அவர் ஆசை. ‘நம்ம ஆளுங்களுக்கு கிளேஸ் தெரியாமப் போச்சு’ என்று ஒருநாள் சொன்னார். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தை எதிர்கொள்ளும் முயற்சி.

‘தெரியாமப் போச்சு’ என்பது அறியாமையைக் குறிக்கும் சொல். நம் கைத்தொழில் வரலாறுகள் பெரும்பாலும் இந்தச் சொல்லின்மீதே கட்டப்பட்டிருக்கின்றன. சீனனுக்குத் தெரிந்தது, பாரசீகனுக்குத் தெரிந்தது, ஆங்கிலேயன் வந்து சொல்லிக் கொடுத்தான், குயவன் மட்டும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டான் என்பதாக ஒரு கதையாடல். இது உண்மைதானா?

2

பெரும்பாறையிலிருந்து மேலே தாண்டிக்குடி வரை கீழ்ப்பழனி மலைகளில் கல்திட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. ஏசுசபைப் பாதிரிமார்களான ஆங்லேடும் நியூட்டனும் பழனிமலைக் கல்திட்டைகளை அளந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பிற்காலத்தில் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார். இத்தகைய ஈமச் சின்னங்களில் கிடைப்பவை கறுப்பு-சிவப்புப் பானைகள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஓட்டைக் கையில் எடுத்துச் சற்றுச் சாய்த்தால் மினுங்கும். ஆனால் அது கண்ணாடிப் பூச்சு அல்ல. நுண்ணிய மண்கரைசலைப் பூசி, ஈரம் வற்றும் பக்குவத்தில் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. சூளையில் காற்றுப் படாத பகுதி கறுத்தது, பட்ட பகுதி சிவந்தது.

இதே மலையின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல். 2009இல் ராஜன் தொடங்கிய அகழாய்வில் ஈமக்குழியிலிருந்து நெல்லும் எழுத்துப் பொறித்த பிரிமனையும் வெளிவந்தன. வாழ்விடப் பகுதியில் ஏராளமான கண்ணாடி மணிகள் கிடைத்தன. புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டிலும் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன, பல நூற்றாண்டுகள்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. கண்ணாடி என்பதும் கிளேஸ் என்பதும் அடிப்படையில் ஒரே பொருள். மணலை உருக்கத் துணையாக ஒரு காரத்தையோ ஈயத்தையோ சேர்த்தால் கண்ணாடி. அதையே சற்றுக் களிமண் சேர்த்து வழியாமல் பானைமேல் ஒட்டச் செய்தால் கிளேஸ். கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, மணியாக நறுக்கத் தெரிந்த நாட்டில், அதைப் பானைமேல் ஏன் பூசவில்லை? ‘தெரியவில்லை’ என்ற விடை இங்கே நிற்காது.

3

வத்தலக்குண்டில் பானை விற்றுக்கொண்டிருந்த வேளார் பெரியவர் ஒருவரிடம் நண்பர் தம் கிண்ணத்தைக் காட்டியபோது நானும் உடனிருந்தேன். பெரியவர் அதைச் சுண்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ‘நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மேலெல்லாம் கண்ணாடியப் பூசிட்டா பானை எப்பிடி மூச்சு விடும்? தண்ணி எப்பிடிக் குளிரும்?’

இது கவித்துவமல்ல, பௌதிகம். பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பூச்சு துளையை அடைத்துவிடும். அடுப்பில் ஏறும் சட்டிக்கும் இதே கதைதான். துளையும் மணலும் உள்ள உடம்பு நேரடித் தீயைத் தாங்கும். அதன்மேல் ஒட்டிய கண்ணாடித்தோல் மண்ணின் வேகத்தில் விரிந்து சுருங்காது, வெடிப்பு விடும்.

அடுத்தது எரிபொருள். வைக்கோல், வறட்டி, தென்னமட்டை போட்டு மண் மெழுகிச் சுடும் சூளை ஏறத்தாழ 700 முதல் 900 பாகை வரை போகும். சாம்பல் தானே உருகிப் பளபளக்க 1200 பாகைக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் நம் குளத்து வண்டல் உப்பி உருக்குலையும். குறைந்த சூட்டில் உருகும் பூச்சு வேண்டுமென்றால் ஈயம் சேர்க்கலாம். ஈயப் பூச்சிட்ட சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும்? புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். தினமும் புளி கரைக்கிற சமையல்கட்டுக்கு ஈயக் கிளேஸ் என்பது மெல்லக் கொல்லும் நஞ்சு.

ஆகவே பூச்சின்மை என்பதை ஒரு குறை என்றல்ல, உணவும் வெயிலும் விறகும் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு என்று வாசிக்க இடமிருக்கிறது. எந்தக் குளத்து மண்ணில் எத்தனை கூடை மணல், தண்ணீர்ப் பானைக்கு எவ்வளவு, சோற்றுப் பானைக்கு எவ்வளவு என்பதையெல்லாம் யாரோ செய்து, உடைத்து, மறுபடி செய்துதான் கண்டிருக்க வேண்டும். அதற்குப் பெயர் என்ன? பட்டணத்தில் செய்தால் பரிசோதனை. வேளார் தெருவில் செய்தால் பரம்பரை வழக்கம்.

4

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் நாமும் ஒரு பழம்பெருமைக்காரராகத்தான் முடிவோம். துளையுள்ள பானைக்கு இன்னொரு வரலாறும் உண்டு.

மனு, பாத்திரங்களைச் சுத்தம் செய்ய விதி சொல்கிறான். உலோகத்தைச் சாம்பலாலும் புளிப்பாலும் நீராலும் துலக்கலாம். மண்பாத்திரத்தை மறுபடி சுட வேண்டும். கடும் அசுத்தம் பட்டால் அதுவும் பயனில்லை. மண் உறிஞ்சும், எனவே தீட்டையும் உறிஞ்சும் என்பது இதன் தர்க்கம். துளை என்கிற பௌதிக உண்மை சாதியின் சாட்சியாக மாற்றப்பட்டது. வீட்டில் சாவு விழுந்தால் பழைய பானை வெளியே போகும், பொங்கலுக்குப் புதுப்பானை வரும். குயவரின் பிழைப்பும் இந்த உடைப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. உடையாத, உறிஞ்சாத பாண்டம் அவருக்கும் ஒருவகையில் எதிரிதான்.

அப்படியானால் உறிஞ்சாத பாண்டம் வந்தபோது தீட்டு ஒழிந்திருக்க வேண்டுமே? வந்தது. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன; 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை பல. நொபோரு கராஷிமா தலைமையில் ஜப்பானிய அறிஞர்கள் தமிழகக் கரையோரம் இத்தகைய ஓடுகளைத் தேடித் தொகுத்தார்கள். பீங்கான் என்ற சொல்லே வெளியிலிருந்து வந்த சொல். பின்னாளில் ஊறுகாய் ஜாடி ஆசாரமான சமையலறைக்குள்ளும் நுழைந்துவிட்டது, உப்பையும் புளிப்பையும் தாங்குகிறது என்பதால். வசதி வேண்டும்போது சாத்திரம் வளையும்.

டீக்கடைக்கு வருவோம். டீ கிளாஸ் முழுக் கண்ணாடி, உறிஞ்சத் துளையே இல்லை. கழுவினால் போதும். ஆனாலும் தமிழ்நாட்டு ஊர்களில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள், சில இடங்களில் சிரட்டை கொடுத்தார்கள். ஆக, தீட்டு ஒருபோதும் மண்ணின் துளையில் இல்லை. பாத்திரம் மாறியும் விதி மாறவில்லை. இரட்டை டம்ளர் முறை மண்பாத்திரத்தின் தர்க்கத்தைப் பொய்யென்று நிரூபித்த ஒரு சோதனை; அதை நடத்தியவர்கள் அதன் முடிவை வாசிக்க மறுத்தார்கள், அவ்வளவுதான்.

5

‘பரிசோதனை’ என்ற சொல் மண்பாண்டத்திற்கு இங்கே எப்போது வந்தது? மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார், இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் மூலம் அது. மாகாணத்துக் களிமண்ணையும் கனிமங்களையும் தேடி எடுத்துப் பாண்டத் தொழிலுக்கு ஆகுமா என்று சோதிப்பது அவருடைய ஈடுபாடுகளில் ஒன்று. வேலூர்ப் பக்கம் கரிகிரியில் குயவர்கள் பச்சையும் பழுப்புமாகப் பூச்சிட்ட பாண்டங்கள் செய்துவந்தார்கள். முன்னதற்கு நிறுவனமும் அறிக்கையும் உண்டு. பின்னது கண்காட்சிப் பொருளாயிற்று.

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். கல்லைப்போல் இறுகும் பாண்டம், உயர் வெப்பச் சூளை, உருகி வழியும் பூச்சுகள். இந்தியாவின் நவீன மட்கலைஞர்கள் பலர் அங்கே பயின்றவர்கள். நமக்கு முக்கியமானது வேறொன்று. அங்கே கூலிக்கு வேலை செய்த உள்ளூர்த் தமிழர்கள் அந்தத் தொழிலைக் கற்று வெளியே வந்து புதுச்சேரியைச் சுற்றிச் சொந்தப் பட்டறைகள் போட்டார்கள். ‘காப்பி அடிக்கிறாங்க’ என்பது இத்தகையவர்கள்மீது சுலபமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. சீனனின் பூச்சை ஜப்பானியன் பார்த்துச் செய்தால் மரபு, ஜப்பானியனுடையதை அமெரிக்கன் செய்தால் கலை, அதையே கூலிக்காரர் செய்தால் திருட்டு! பிறந்த சாதிக்கு வெளியே, பார்த்துப் பழகியே ஒரு தொழிலைக் கைப்பற்ற முடியும் என்று காட்டியதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

பூச்சின் சூத்திரத்தை ஒளிக்காதவர்களும் உண்டு. நிர்மலா பட்வர்தன் 1984இல் தம் கைநூலை வெளியிட்டு, ஆண்டுக்கணக்கில் சோதித்த கலவைகளைப் பொதுவில் வைத்தார். ஆனால் அது ஆங்கிலத்தில். வத்தலக்குண்டுப் பெரியவர் கைக்கு அது எப்படிப் போகும்?

6

பெரும்பாறை நண்பரின் முதல் இருபது சோதனைத் துண்டுகளில் பதினேழு வீண். சில கொப்பளித்தன, சில வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டன. அவர் சிரித்துக்கொண்டே நோட்டில் குறித்துக்கொண்டார். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ‘பதினேழு போச்சா? எனக்கு ஒரு சூளை போனா அந்த மாசமே போச்சு தம்பி.’

முழு வரலாறும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் இருப்பதாகத் தோன்றுகிறது. பரிசோதனை என்பது முதலில் அறிவு சார்ந்த விஷயமல்ல, தோற்பதற்கான உரிமை. தோற்றாலும் சோறு இருக்கிறவனுக்கே அது வாய்க்கிறது. குயவர் குளத்து மண் எடுக்கவே அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. 2024இல்தான் தமிழக அரசு அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவில் எளிதாக்கியது. மண்ணுக்கே மனுப் போட வேண்டியவர் எதை வைத்துச் சோதிப்பார்?

சக்கரத்தை விட்டு வேறு வேலைக்குப் போன வேளார் வீட்டுப் பிள்ளைகளை ‘மரபு அழிகிறது’ என்று திரும்ப அழைக்க நமக்கு உரிமையில்லை. விரும்பி வருகிறவர் எந்தச் சாதியானாலும், அவருக்கு வேண்டியவை தெளிவு: தமிழில் பூச்சுக் கணக்குகள், கூட்டாகச் சுட ஒரு சூளை, வீணாகிற துண்டுகளுக்கு ஒரு கூலி. நண்பர் அடுத்த சூளையில் பெரியவருக்கும் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார். சாம்பல் இந்த முறை வேளார் தெரு அடுப்பிலிருந்து வருகிறது. வீணானால் நஷ்டம் நண்பருடையது என்று பேசி வைத்திருக்கிறார்கள்.