ஆயிரம் புதல்வியரின் தாய்: உடுவில் அக்னியூ அம்மையார்

யாழ்ப்பாணத்துப் பெண் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1824ஆம் ஆண்டை விட்டுவிட்டு எழுத முடியாது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தது அவ்வாண்டிலேயாம். பெருமழையில் வீடு திரும்ப இயலாமற்போன இரு சிறுமியர் மிஷன் வீட்டில் தங்கி உணவருந்தியதே விடுதியின் தொடக்கம் என்று உடுவிலார் சொல்வர். பிற மதத்தவர் வீட்டில் உண்பது அக்காலத்தில் எத்துணை பெரிய காரியம் என்பதை எமது வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நாம் இன்று வாழும் ஒஸ்லோ நகரம் கிறிஸ்தியானியா எனப் பெயர் பெற்றிருந்த 1882இல்தான், செசிலி தூரசென் என்ற பெண் இந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மாணவியானார். உடுவில் பள்ளிக்கு அப்போது 58 வயது. இதைக் கூறி எமது கிராமம் நோர்வேயை முந்திவிட்டது என மார்தட்டுவது தகாது. பல்கலைக்கழகம் வேறு, விடுதிப் பாடசாலை வேறு. இந்நாட்டில் 1739இலேயே சிறுவர் சிறுமியர் இருபாலாரும் பள்ளி செல்லச் சட்டம் பிறந்துவிட்டது. ஆயினும், பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று கேட்ட ஊரில் ஒரு பெண்கள் பள்ளி அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நின்றது சாதாரண செய்தியன்று. அதனை நிலைக்கச் செய்தவருள் முதன்மையானவர் எலைசா அக்னியூ அம்மையார்.

1807இல் நியூயோர்க்கில் பிறந்த அவர், எட்டு வயதில் பூமிசாத்திர வகுப்பில் உலகப் படத்தைப் பார்த்தபோதே, தாமும் கடல் கடந்து ஊழியஞ் செய்வதென முடிவு செய்தாராம். குழந்தைப் பருவத்து ஆசைகள் பெரும்பாலும் பள்ளி மணியுடன் மறைந்துவிடும். இவரதோ மறையவில்லை. பெற்றோர் மறைந்து குடும்பக் கடமைகள் தீரும்வரை காத்திருந்து, முப்பது வயதைக் கடந்த பின்னர் 1839இல் கப்பலேறினார். சுயெஸ் கால்வாய் திறக்கப்பட இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன; நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து 1840 தை மாதத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். மணமாகாத பெண்ணொருவர் தனித்து ஊழியத்துக்கு வருவது அன்று அரிதினும் அரிது.

ஹரியற் வின்ஸ்லோ 1833இலேயே இறந்துவிட்டார். அதன்பின் ஸ்போல்டிங் தம்பதியர் உடுவிலில் பொறுப்பேற்றிருந்தனர். அவர்களுடன் இணைந்த அக்னியூ அம்மையார் 1879வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அப்பள்ளியிலேயே பணிபுரிந்தார். அக்காலத்தில் அவரிடம் கற்றவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். தாயும் மகளும் பின் பேர்த்தியும் ஒரே ஆசிரியையிடம் படித்த குடும்பங்கள் இருந்தன. விடுமுறைகளில் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பழைய மாணவியர் வாழ்க்கைப்பட்ட கிராமங்களுக்குச் சென்று, அவர்தம் சுகதுக்கங்களை விசாரித்து, அயற்பெண்களையுங் கூட்டி வேதம் போதித்தார். கற்பித்தல் வகுப்பறையோடு முடிவதில்லை என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்த நாம் அறிவோம். எனினும் நாற்பது ஆண்டு அவ்வாறு வாழ்ந்தவர் எத்தனை பேர்?

அப்பணியின் நோக்கம் கிறிஸ்தவம் பரப்புவதே என்பதை மறைப்பதற்கில்லை. அவரிடம் படித்தவருள் அறுநூறு பேருக்கு மேல் கிறிஸ்தவராகவே வெளியேறினர் என மிஷனார் பெருமையுடன் பதிந்துள்ளனர். கிறிஸ்தவ இளைஞரை மணக்கும் மாணவிக்கு மிஷனே சிறு சீதனம் கொடுத்த காலமும் இருந்தது. இன்னுமொன்று எமது மனத்தை உறுத்துவது: அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற கொடையாளியின் பெயரையே அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம். வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் முற்பெயர்கள் அவ்வழக்கை நினைவூட்டுவன. ஆடவரேனும் தமிழ்ப் பெயரைப் பின்னொட்டாகக் காத்துக்கொண்டனர். பெண்பிள்ளைகள் பலருக்கு, ஏட்டில், அதுவும் எஞ்சவில்லை. எமது பிள்ளைகளின் பெயரை நோர்வேஜிய ஆசிரியர் வாய்க்கு எளிதாகச் சுருக்கும்போது முகஞ்சுளிக்கும் பெற்றோர்க்கு இதன் வலி விளங்கும்.

மிஷன் பள்ளிகளின் வளர்ச்சியே ஆறுமுக நாவலரை 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கத் தூண்டியது. அம்மையார் ஓய்வுபெற்ற 1879ஆம் ஆண்டின் இறுதியிலேயே நாவலரும் மறைந்தார். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது எம்மிடையே வழக்கம். ஆனால் சைவப் பெண்பிள்ளைகளுக்கென சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் கல்லூரி அமைத்தபோது, அது எழுந்த இடம் உடுவிலுக்கு அயலிலுள்ள மருதனார்மடம். ஒரு பள்ளி மற்றொரு பள்ளியைப் போட்டிக்கு அழைத்ததனால் பயனடைந்தவர் எமது பாட்டிமாரே. எந்தக் கோயில் மணி முதலில் அடித்தது என்ற வழக்கை இன்னுந் தொடர்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஓய்வுக்குப் பின்னும் அம்மையார் அமெரிக்கா திரும்பவில்லை. உடுவில் பொறுப்பைச் சூசன் ஹவ்லண்ட் அம்மையாரிடம் விட்டு, மானிப்பாயில் மேரி, மார்கிறற் லீச் என்னும் மிஷனரிச் சகோதரியரின் பராமரிப்பில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1883 ஆனி மாதத்தில் அங்கேயே காலமானார். வந்த நாள் முதலாக 43 ஆண்டுகளில் ஒரு முறைதானும் பிறந்த நாட்டை அவர் காணவில்லை. அது அவர் தாமே தெரிந்துகொண்ட பிரிவு. எமக்கு நேர்ந்ததோ அவ்வாறன்று. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கூற நாம் முற்படவில்லை. ஆயினும் அந்நிய மண்ணில் முதுமையும் நோயும் வந்து சேர்கையில் பக்கத்தில் இருப்போர் யாவர் என்ற கேள்வி, இந்நகரில் தனித்து வாழும் எம் முதியோர் பலரும் உறங்குமுன் கேட்டுக்கொள்ளும் கேள்விதான்.

‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என்று அவரைச் சிறப்பித்தனர். தாயின் பெயர் நூல்களில் இருக்கின்றது. அப்புதல்வியரின் பெயர்களோ பெரும்பாலும் எங்குமில்லை. அவருள் சிலர் ஆசிரியைகளாகி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தனர். வேறு பலர் வீட்டுத் திண்ணையிற் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து மறைந்தனர். ஒஸ்லோவில் சனி, ஞாயிறு தினங்களில் சம்பளமின்றித் தமிழ் கற்பிக்கும் எமது ஆசிரியைகளுள் அத்தகைய பரம்பரையில் வந்தோரும் இருக்கலாம். உடுவிலில் படித்த பாட்டியோ பூட்டியோ உங்கள் குடும்பத்தில் இருந்திருப்பின், அவருடைய பெயரையும் ஊரையும் படித்த காலத்தையும், வீட்டில் அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி வைக்குமாறு வாசகர்களை அன்புடன் வேண்டுகின்றோம்.