திருவுளச்சீட்டும் திருச்சபைத் தலைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருச்சபைக்குத் தலைவரைத் தருபவர் கடவுள் என்பது எல்லாக் கிறிஸ்தவ மரபுகளுக்கும் பொதுவான நம்பிக்கை. ஆனால் அவர் யாரைத் தருகிறார் என்று அறியும் வழியில் மரபுகள் ஒன்றுபட்டதில்லை. சீட்டு, வாக்கு, ஆரவாரக் குரல், உபவாச ஜெபம் என வழிகள் பலவாயின. இவற்றுள் சீட்டுப்போடும் வழக்கம் தொடங்கி, விலக்கப்பட்டு, மீண்டும் வந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சீட்டு எங்கும் மனித ஆய்வுக்கு மாற்றாக நின்றதில்லை. ஆய்வு முடிந்த இடத்தில்தான் அது தொடங்கியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எருசலேமிலிருந்து மிலான் வரை

யூதாசின் இடத்தை நிரப்ப ஏறக்குறைய 120 பேர் கூடிய நிகழ்ச்சியை அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம் விவரிக்கிறது. பேதுரு முதலில் தகுதியை வரையறுத்தார்: யோவானின் ஞானஸ்நானம் முதல் இயேசு பரமேறிய நாள் வரை உடனிருந்தவராக இருக்க வேண்டும். அதற்கேற்ப யோசேப்பு, மத்தியா என்ற இருவர் நிறுத்தப்பட்டனர். ஜெபத்துக்குப் பிறகு சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. தகுதி, பெயர் முன்மொழிவு, ஜெபம், சீட்டு என்ற இந்த வரிசையே பிற்காலத்தவர் திரும்பத் திரும்ப நாடிய முன்மாதிரி.

ஆனால் பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின் புதிய ஏற்பாட்டில் தலைமைக்காகச் சீட்டுப் போட்டதாகச் செய்தி இல்லை. ஆறாம் அதிகாரத்தில் எழுவரைச் சபையார் தெரிந்தெடுக்க, அப்போஸ்தலர்கள் கைகளை வைத்து ஜெபித்தனர். பதின்மூன்றாம் அதிகாரத்தில் அந்தியோகியா சபை ஆராதனையிலும் உபவாசத்திலும் இருக்கையில், பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி பரிசுத்த ஆவியானவர் சொன்னார்.

மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் ஆயர் தேர்வில் கடவுளின் தீர்ப்பு, மக்களின் வாக்கு, சக ஆயர்களின் இசைவு ஆகியவற்றைச் சேர்த்தே பேசினார். மக்கள் குரலையே இறைக்குரலாகக் கொண்ட நிகழ்ச்சிகளில் புகழ்பெற்றது மிலானில் 374இல் நடந்தது. ஆயர் தேர்வில் கலகம் மூளாதிருக்க ஆளுநர் அம்புரோஸ் ஆலயத்துக்கு வந்தார். கூட்டமோ அவரையே ஆயராக்கச் சொல்லிக் குரலெழுப்பியது. அப்போது அவர் ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை.

சீட்டுக்குத் தடை

மேற்குலகில் சீட்டு வழக்கம் ஒடுங்கியதற்கு இறையியல் காரணம் இருந்தது. மத்தியாவின் தேர்வு பெந்தெகொஸ்தேக்கு முந்தையது, எழுவரின் தேர்வு பிந்தையது என்று எட்டாம் நூற்றாண்டில் பீடு சுட்டிக்காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதையே ஆதாரமாக்கினார்: ஆவியின் ஏவுதலால் நடக்கவேண்டிய தேர்வில் சீட்டுக்கு இடமில்லை என்றார். அதே நூற்றாண்டில் போப் மூன்றாம் ஹோனோரியஸ் ஆயர் தேர்தலில் சீட்டைத் தடைசெய்தார்.

எஞ்சிய வழிகளை 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வரையறுத்தது: வாக்கெடுப்பு, சிலரிடம் பொறுப்பை ஒப்படைத்தல், ஏவப்பட்டதுபோல் அனைவரும் ஒருமித்து ஒருவரை அறிவித்தல். இம்மூன்றும் போப் தேர்தலிலும் நெடுங்காலம் செல்லுபடியாயின. 1996இல் இரண்டாம் யோவான் பவுல் பின்னிரண்டையும் நீக்கி, இரகசிய வாக்கெடுப்பை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஜெபம் குறையவில்லை, இறைச்சித்தத்தை அறியும் கருவியாகக் கர்தினால்மாரின் மனச்சாட்சியே நின்றது.

மறுப்புக்கும் இடம் வைத்த சகோதரர்கள்

தடைக்கு வெளியே சீட்டு மீண்டும் துளிர்த்தது. 1467இல் பொகீமியாவின் லோட்கா சிற்றூரில் கூடிய ‘சகோதரர் ஐக்கியம்’ தனக்கு முதல் குருக்களைத் தேட முனைந்தது. ஒன்பது பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். பன்னிரண்டு சீட்டுகளில் மூன்றில் மட்டும் இசைவுச் சொல் எழுதப்பட்டது. மற்ற ஒன்பதும் வெற்றுச் சீட்டுகள். ஒன்பது பேருக்கும் வெற்றுச் சீட்டே வந்திருக்கக்கூடும். அப்படி வந்தால் அதையும் கடவுளின் பதிலாக ஏற்க அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். மூன்று இசைவுச் சீட்டுகளும் மூவர் கைக்கு வந்தன.

இவர்களின் வழிவந்த மொராவியர் 18ஆம் நூற்றாண்டில் ஹெர்ன்ஹூட்டில் மூப்பர் தேர்வுக்குச் சீட்டைப் பயன்படுத்தினர். 1741இல் லண்டனில் தலைமை மூப்பர் லியோனார்ட் டோபர் பதவி விலகியபோது, மாற்றாகச் சொன்ன பெயர்களைச் சீட்டு ஏற்கவில்லை. கிறிஸ்துவே தலைமை மூப்பர் என்று அறிவித்து, அந்தப் பதவியில் மனிதர் எவரையும் அமர்த்தாது விட்டனர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொராவிய ஊழியர்கள் இந்த மரபில் வளர்ந்தவர்களே. 1889இல் மொராவிய சபை சீட்டு முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது.

மாஸ்கோவும் கெய்ரோவும்

ரஷ்யாவில் 1700க்குப் பின் முதுபெருந்தந்தை பதவி நிரப்பப்படவில்லை. புரட்சி மூண்ட 1917இல் மாஸ்கோவில் கூடிய சபைப் பேரவை அப்பதவியை மீட்டது. வாக்கெடுப்பில் அந்தோனி, ஆர்சேனி, தீகோன் என்ற வரிசையில் மூவர் தேர்வாயினர். மீட்பர் கிறிஸ்து பேராலயத்தில் முதிய துறவி அலெக்சி எடுத்த சீட்டில் மூன்றாமவரான தீகோனின் பெயர் இருந்தது.

எகிப்தின் காப்டிக் சபையில் 1957 விதிமுறைகளின்படி முதலில் வாக்கெடுப்பு. அதிக வாக்குப் பெற்ற மூவரின் பெயர்கள் பலிபீடத்தில் வைக்கப்பட்டு, ஆராதனையின்போது சீட்டெடுக்கப்படும். 1959, 1971, 2012 ஆகிய ஆண்டுகளில் இப்படியே தேர்வு நடந்தது. 2012 நவம்பர் 4 அன்று கெய்ரோவின் மாற்கு பேராலயத்தில், கண்கள் கட்டப்பட்ட ஒரு சிறுவன் எடுத்த சீட்டில் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றிருந்த ஆயர் தவாத்ரோசின் பெயர் வந்தது. அதிக வாக்கு வாங்கியவரே தலைவர் என்ற உரிமையை இம்முறை எவருக்கும் தருவதில்லை. வென்றவர் தம் ஆதரவாளருக்குக் கடன்படவும் வேண்டியதில்லை.

முடிவுரை

சீட்டை ஏற்ற சபைகளும் தள்ளிய சபைகளும் தகுதியைப் பரிசோதிக்கும் பொறுப்பை மனிதரிடமே விட்டன. வேறுபாடு, இறுதிச் சொல்லை யாரிடம் விடுவது என்பதில்தான். தென்னிந்தியத் திருச்சபையில் இன்று திருமண்டலப் பேரவை பெயர்ப்பட்டியலை முன்வைக்க, சினாடு பேராயரைத் தெரிவு செய்கிறது. அங்கே சீட்டு இல்லை. எனினும் லோட்காவின் வெற்றுச் சீட்டுகள் எழுப்பும் கேள்வி எந்த முறைக்கும் பொருந்தும். நாம் நிறுத்திய எவரும் வேண்டாம் என்று கடவுள் சொல்வதற்கு இடமில்லாத தேர்வில், வாக்குக்கு முன் செய்யும் ஜெபம் வழிகாட்டுதலைக் கேட்பதாகாது. முன்பே எடுத்த முடிவுக்கு ஒப்புதல் கேட்பதாகவே அமையும்.